நேரான கையெழுத்து

பாகூர்
19.1.2025

அன்புத் தங்கை புவனாவுக்கு,

அக்கா வைஜெயந்தி எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உன் மாமாவுக்கு டிப்போவில் பகல் டியூட்டி கிடைத்துவிட்டது. நான் பெற்ற அர்ச்சனா காலேஜுக்குப் போகும் நேரத்தைவிடக் கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் அதிகம். இந்தப் பனிக்கு நர்சரியில் ரோஜாப் பதியன் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. நீயும் எழிலரசனும் என் செல்லம் தமிழ்க்குமரனும் எப்படி இருக்கிறீர்கள்? ஏனாம் தண்ணீர் குழந்தைக்கு ஒத்துக்கொண்டதா? புதுச்சேரி சர்க்காரில் வேலைக்குச் சேர்ந்தவர்களை இப்படிக் கோதாவரிக் கரையில் கொண்டுபோய்ப் போடலாம் என்று எவன் கண்டுபிடித்தானோ!

நம் தம்பி குமரவேலுக்குப் பெண் அமைந்ததை அம்மா போனில் சொல்லியிருப்பாள். இருந்தாலும் நான் சொன்னால்தான் சேதி முழுசாகும். பெண் பெயர் செல்வகுமாரி, நெட்டப்பாக்கம். பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். பெண் பார்க்கப் போன இடத்தில் நம் ஆள் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளே, "கரும்பு எத்தினி காணி?" என்று கேட்டாள். இவன், "முப்பத்தேழு" என்றான். வயசைச் சொல்லிவிட்டான்! அவள் கொஞ்சமும் அசராமல், "அப்ப வெட்டறதுக்கு ஆள் நெறைய வேணுமே" என்றாள்.

திரும்பி வரும்போது வேனில் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். முன் சீட்டிலிருந்து அம்மா சட்டென்று திரும்பினாள்.

"ஏன்டி, மாத்திர போட்டியா?"

வேனில் எல்லாரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். நானும்தான். எனக்கு இந்த பைபோலார் வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. கடைசியாகப் பெரிதாக ஏறி இறங்கியது ஆறு வருஷத்துக்கு முன்னால். ஆனாலும் நான் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தால் போதும், நம் வீட்டில் எல்லாரும் டாக்டராகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கே அந்தப் பழக்கம் உண்டு. ஒரு சந்தோஷம் வந்தால் வாசலிலேயே நிறுத்தி, "நீ நிஜமா, இல்லை அதுவா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறேன். இது நிஜம், புவனா. ராத்திரி ஏழு மணி நேரம் தூங்கிப் பார்த்த பிறகும் காலையில் அது அப்படியே இருந்தது.

வைகாசியில் முகூர்த்தம். அண்ணன் இல்லாத வீட்டில் மூத்தவள் நான். நாத்தனார் முடிச்சை நான்தான் போட வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. அவன் ஒரு முடிச்சு, நான் இரண்டு. அம்மாவிடம் நானாகக் கேட்கத் தயக்கம். நீ பேச்சுவாக்கில் சொல்லேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ என் குரலை அளக்கிறாய். "வேகமாப் பேசுறியேக்கா" என்கிறாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. எழுத்துக் கோணலாக இருக்கும், மாத்திரையால் கை நடுங்குவது உனக்குத் தெரிந்ததுதானே. பொறுத்துப் படி.

தமிழுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
வைஜெயந்தி


ஏனாம்
7.2.2025

என் அன்பு அக்காவுக்கு,

புவனேஸ்வரி எழுதுகிறேன். உன் கடிதம் வந்த அன்று ஆபீஸில் ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தேன். "முப்பத்தேழு காணி" படித்துச் சிரித்ததில் பக்கத்து சீட்டுக்காரம்மா, "ஏமயிந்தண்டி?" என்று, என்ன ஆச்சோ என்று பயந்துபோனார்கள்.

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ் தெலுங்கு பேச ஆரம்பித்துவிட்டான். நான் திட்டினால் அவனுக்குப் புரியாத மாதிரி நிற்கிறான், அவன் திட்டினால் எனக்கு நிஜமாகவே புரிவதில்லை. அவர் இங்கே மீன் வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டார். சாயங்காலம் மூன்று பேரும் ஆற்றோரம் நடக்கிறோம். நம் பாகூர் ஏரி பத்தைச் சேர்த்து வைத்த மாதிரி இருக்கிறது.

இந்த மாதம் ரத்தப் பரிசோதனை பண்ணினாயா? தண்ணீர் நிறையக் குடி. வெயில் ஏறும்போது உன் மாத்திரையில் இருக்கும் லித்தியம் ரத்தத்தில் கூடிவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? கல்யாணத்துக்கு நம் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி புடவை எடுக்கலாம். நான் வெங்காயக் கலர் என்று நினைக்கிறேன், நீ என்ன சொல்கிறாய்? மாமாவுக்குக் காக்கிநாடா காஜா பார்சல் அனுப்பியிருக்கிறேன். அர்ச்சனா தின்றது போக மீதி இருந்தால் அவருக்குக் கொடு.

மற்றவை நேரில்.

உன் தங்கை,
புவனா


பாகூர்
16.2.2025

அன்புள்ள புவனாவுக்கு,

உன் கடிதமும் காஜாவும் ஒரே நாளில் வந்தன. மாமாவுக்கு இரண்டு கிடைத்தது. நாங்கள் சுகம். ரத்தம் கொடுத்துவிட்டேன், அளவு சரியாக இருக்கிறது. தண்ணீர் குடிக்கிறேன். வெங்காயக் கலர் பிடித்திருக்கிறது. நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று, அதற்கு நீ பதில் எழுதவில்லை.

போன வெள்ளிக்கிழமை கரையாம்புத்தூரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா கல்யாண வேலைகளை வாய்விட்டுப் பிரித்துக்கொண்டிருந்தாள். "பெரியவ வெளக்கப் புடிக்கட்டும், சின்னவ முடிச்சுப் போடட்டும்" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

"ஏம்மா, நான் போடக் கூடாதா?"

"யாரு வாணாம்னாங்க? உன் கை உதறுதே. அத்தினி பேரு முன்னாடி தாலிக் கயிறு நழுவுச்சின்னா நல்லாவா இருக்கும்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. போன மாதம் எதிர்வீட்டுப் பெண்ணின் வளைகாப்பில் குங்குமம் வைக்கப் போய், பாவம், அவள் மூக்கெல்லாம் சிவப்பாக்கிவிட்டேன். அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று சொல்கிறேன், புலம்பலாக எடுத்துக்கொள்ளாதே. இந்த நோயில் எனக்கு வந்து போனவை நிறைய. மேலே ஏறியபோது பறந்தது, கீழே விழுந்தபோது சீப்பைத் தூக்கித் தலைவார முடியாமல் அர்ச்சனா ஸ்கூலுக்குப் போகுமுன் எனக்குப் பின்னிவிட்டது, எல்லாம் போய்விட்டன. இப்போது மிச்சம் இருப்பது இந்தச் சின்ன நடுக்கம் மட்டும்தான். அதுவும் நோயினால் அல்ல, மருந்தினால். நோயை ஜெயித்தவளை மருந்து தோற்கடிக்கிறதே என்று ஒரு எரிச்சல்.

குமரவேல், செல்வகுமாரியிடம் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்கிறான். "நீயே சொல்லுக்கா. நான் ஆரம்பிச்சா கரும்புல போய் முடிப்பேன்" என்கிறான். போகலாமென்றிருக்கிறேன்.

குழந்தையை வெயிலில் விளையாட விடாதே.

அக்கா,
வைஜெயந்தி


ஏனாம்
9.3.2025

அக்காவுக்கு வணக்கத்துடன் புவனா,

இங்கே எல்லாரும் நலம். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன். பதில் தாமதமானதற்கு ஆபீஸில் மார்ச் மாத வேலை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். அதனால் அப்படி எழுதப் போவதில்லை.

தை மாதமே அம்மா எனக்குப் போன் பண்ணி, முடிச்சு நீ போடு என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். உன் முதல் கடிதம் வந்தது அதற்கு அப்புறம். என்ன எழுதுவதென்று தெரியாமல் புடவைக் கலரைப் பற்றி எழுதினேன்.

கை நடுங்குவதற்காக நான் சரி என்று சொல்லவில்லை, அக்கா. சித்தப்பா மகள் கல்யாண ரிசப்ஷனில் நீ பாட்டுக் கச்சேரிக்காரர் கையிலிருந்து மைக்கை வாங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மண்டபம் முழுவதையும் பாகூர் ஏரிக்கரையில் விருந்துக்கு அழைத்தாய். ஆளுக்கொரு மாங்கன்று என்றாய். முதலில் எல்லாரும் கைதட்டினார்கள். நீ நிறுத்தவே இல்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். தம்பி வந்து மைக்கை வாங்கியபோது அவன் அழுதுகொண்டிருந்தான். உனக்கு அதில் பாதி நினைவிருக்காது. எனக்கு முழுசும் இருக்கிறது. அந்தப் போன்களை மறுபடி பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. உன்னைப் பார்த்துப் பயமில்லை, அவர்கள் உன்னைப் பார்ப்பதைப் பார்க்கத்தான் பயம்.

என்னைத் திட்டி ஒரு வரி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

தங்கை,
புவனா


பாகூர்
4.4.2025

அன்பே உருவான என் தங்கச்சிக்கு,

அக்காவின் ஆயிரம் அன்பு! எல்லாரும் ஆனந்தமாக இருக்கிறோம். உன்மேல் கோபம் ஒரு வாரம் இருந்தது, அப்புறம் அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போய்விட்டது. அத்தனை வேலை! செண்டுமல்லி விதை ஊன்றியிருக்கிறேன், கல்யாணத்துக்குச் சரியாகப் பூக்கும். முதலில் இருநூறு என்று ஆரம்பித்தேன், இப்போது ஆயிரம் பைகள் நிற்கின்றன. விடியற்காலை எழுந்தால் அந்த நேரத்து மண் வாசனைக்கே இன்னொரு ஆயிரம் போடலாம் போலிருக்கிறது.

செல்வகுமாரியைப் பார்த்துவிட்டேன்! ஒரு ரோஜாச் செடியை எடுத்துக்கொண்டு பால் சொசைட்டிக்கே போனேன். சாயங்காலப் பால் வண்டி போனதும் கேன் கழுவும் இடத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"எனக்கு மனசுல ஒரு நோய் இருக்கும்மா. எல்லாருக்கும் ஒரு பல்பு எரியும்னா, எனக்கு சில சமயம் கல்யாணப் பந்தல் மாதிரி சீரியல் செட்டெல்லாம் சேந்து எரியும். தூக்கம் வராது, தூங்கணும்னும் தோணாது. பேச்சு நிக்காது. ஊருக்கே சோறு போடலாம்னு இருக்கும். அப்புறம் ஒரு நாள் மொத்தமும் அணைஞ்சிடும். தண்ணி குடிக்க எழுந்திரிக்கறதுகூட ஏரிய நீந்தற மாதிரி. அதுக்குத்தான் மாத்திரை."

அவள் கேன் மூடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "இப்ப எப்படி இருக்குது அண்ணி?"

"இப்ப ஒரே பல்புதான்."

"எங்க வூட்லயும் ஒரே பல்புதான். அதுவும் கரண்ட் அடிக்கடி போவும். பழகிக்கலாம் அண்ணி."

அண்ணி என்று கூப்பிட்டுவிட்டாள், புவனா! வரும் வழியெல்லாம் பஸ்ஸில் பாடிக்கொண்டே வந்தேன், மனசுக்குள்தான்.

இன்னொரு சேதி. மஞ்சள் கயிறு வாங்கி வந்து வாழைக்கன்றில் கட்டிப் பழகுகிறேன். ஒரே வீச்சில் முடிச்சு விழுகிறது! கை கல் மாதிரி நிற்கிறது. அம்மா வந்து பார்த்தால் வாயடைத்துப் போவாள். நீ முடிச்சைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், நீ வா, வெங்காயக் கலர் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நில், அது போதும்.

எல்லாருக்கும் எல்லா அன்பும்.

உன் வைஜெயந்தி


ஏனாம்
10.4.2025
ஸ்பீட் போஸ்ட்

அக்கா,

நலம் விசாரிப்பதை இந்தத் தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வாசலில் நின்றே பிரித்தேன். செல்வகுமாரி பேசியதைப் படித்துச் சிரித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போதுதான் பார்த்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. நீ காலேஜில் படித்தபோது நோட்டில் செடி படம் வரைந்து கீழே பெயர் எழுதுவாயே, அந்த எழுத்து. ஒரு கோணல் இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. பத்தொன்பது வருஷமாக நான் பார்க்காத கையெழுத்து.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தக் கோணல் எழுத்துதான் நிம்மதியாக இருந்தது.

அக்கா, மாத்திரையை எப்போது நிறுத்தினாய்?

மாமாவுக்குப் போன் பண்ண நம்பரைப் போட்டுவிட்டு வைத்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் உன்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசினது ஒரு தடவை போதும். இதைப் படித்ததும் எனக்குப் போன் பண்ணு. திங்கட்கிழமை ராத்திரிக்குள் நீ பேசவில்லை என்றால் மாமாவிடம் சொல்லத்தான் சொல்லுவேன், அப்புறம் நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த முடிச்சு எனக்கு வேண்டாம். நீதான் வேண்டும். எப்படி இருக்கிறாய், அக்கா?

புவனா


பாகூர்
18.4.2025

என் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை எழுதும்போது மாமா எதிரே உட்கார்ந்து வேர்க்கடலை உரிக்கிறார், அவரும் நலம். அர்ச்சனா நலம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

அன்று போனில் "ஆமாம் புவனா" என்று இரண்டு சொல்தான் சொல்ல முடிந்தது, மீதியை அழுதே தீர்த்துவிட்டேன். மீதி இதுதான். மார்ச் இருபதாம் தேதி வாக்கில் நிறுத்தினேன். கல்யாணம் முடியும் வரைக்கும் மட்டும் என்று நினைத்தேன். நான்கைந்து நாளில் கை நின்றுவிட்டது. பஞ்சு மாதிரி இருக்கும் நாற்றை விரலால் எடுத்து நடும்போது அது ஆடவில்லை. அந்தச் சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்! என் கை என்னிடம் திரும்பி வந்த மாதிரி. அப்புறம் தூக்கம் குறைந்தது. அதையும் சந்தோஷக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். செடிகளின் இலை ஓரத்தில் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது, புவனா. அந்த வெளிச்சம் எனக்குத் தெரியும். அழகாக வரும், அழகாகப் போகாது. தெரிந்தும் நான் யாரிடமும் சொல்லவில்லை. செல்வகுமாரியிடம் ஒரே பல்பு என்றேனே, அன்று மூன்று நான்கு எரிந்துகொண்டிருந்தது.

உன்னோடு பேசி முடித்ததும் மாமாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "அதான் ஆயிரம் பையா?" என்றார். பிறகு, "நாளைக்கு லீவு போட்றேன்" என்றார். அவ்வளவுதான். காலையில் தவளக்குப்பத்தில் இறங்கிப் பஸ் மாறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார், ஏதோ நான் ரோடு கடக்கத் தெரியாதவள் மாதிரி.

டாக்டரம்மா மட்டும் நன்றாகத் திட்டினார்.

"கை நடுங்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"வியாதியே நல்லா இருக்கும்போது இதப் போய்ச் சொல்றதான்னு விட்டுட்டேன் மேடம்."

"உங்க செடில இலை சுருண்டா நர்சரிக்காரம்மா நீங்க இன்னா பண்ணுவீங்க? தண்ணி ஊத்தறதையே நிறுத்திடுவீங்களா?"

மாமா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரித்தார். நடுக்கத்துக்கென்று தனியாக ஒரு சின்ன மாத்திரை இருக்கிறதாம். முழுசாகப் போகாது, குறையும் என்றார். லித்தியத்தை அவர் சொன்ன அளவில் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ரத்தம் கொடுத்தாயிற்று. ராத்திரித் தூக்கத்துக்கு அர்ச்சனா காவல், பத்து மணிக்கு லைட்டை அணைத்துவிட்டு வாசல்படியில் போலீஸ்காரி மாதிரி நிற்கிறாள்.

செல்வகுமாரிக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். அன்று சொன்னது முழு நிஜமில்லை என்றேன். போனில் கேன் மூடியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், "அன்னிக்கு நீங்க ஒரு ரோஜாச் செடிக்கு ஒம்போது பேரு சொன்னீங்க அண்ணி, அப்பவே நெனச்சேன்" என்றாள்.

எழுத்து மறுபடி கோணுகிறது, பார்த்தாயா? முடிச்சை நீயே போடு. நான் விளக்குப் பிடிக்கிறேன். எனக்கு வருத்தமில்லை.

ஆயிரம் செண்டுமல்லியை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அக்கா,
வைஜெயந்தி


ஏனாம்
19.5.2025

என் அக்காவுக்கு,

உன் உடம்பும் மனசும் சுகம்தானே? போனில் கேட்டுக்கொண்டாலும் எழுத்தில் ஒரு தடவை கேட்டால்தான் எனக்குத் திருப்தி.

தமிழுக்கு அம்மை போட்டிருக்கிறது. நேற்று உடம்பெல்லாம் முத்து முத்தாக. பயப்படாதே, காய்ச்சல் குறைந்துவிட்டது, டாக்டரும் பார்த்துவிட்டார். வேப்பிலையில் படுத்துக்கொண்டு இளநீர் குடிக்கிறான், "நான் சாமி" என்று அவன் அப்பாவை வேலை வாங்குகிறான். மூன்று தண்ணீர் ஊற்றும் வரை வீட்டைவிட்டு நகரக் கூடாது. எனக்கு அம்மை வீட்டிலிருந்து கல்யாண வீட்டுக்கு வரவும் முடியாது. இருபத்தெட்டாம் தேதி நான் அங்கே இருக்கமாட்டேன், அக்கா. இன்று காலை வெங்காயக் கலர் புடவையை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தேன்.

அம்மாவிடம் பேசிவிட்டேன். ஆத்தா வந்திருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்த மூச்சில், "அப்ப பெரியப்பா பொண்ணு ஆண்டாளக் கூப்புடலாமா?" என்றாள்.

"கூடப் பொறந்த அக்கா பக்கத்துல நிக்கும்போது ஆண்டாள் இன்னாத்துக்கும்மா?"

"கை உதறுமேடி."

"உதறட்டும். அந்தக் கை உதறலன்னாதான் நான் பயப்படுவேன். நீயும் பயப்படு."

அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மா போனாள். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம், "அவளுக்கு ஆசையா இருந்திச்சா?" என்று கேட்டாள். அவளுக்குத் தெரியாதாம்! நீ அவளிடம் ஒரு தடவைதான் கேட்டாயாம், அதுவும் வெங்காயம் உரிக்கும்போது.

போன கடிதத்தில் "எனக்கு வருத்தமில்லை" என்று எழுதிய இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. அதை நான் பார்க்கமாட்டேன் என்று நினைத்தாயா?

போய்ப் போடு. கயிறு நழுவினால் மறுபடி போடு. யாராவது போனை எடுத்தால் எடுக்கட்டும், எனக்கும் ஒரு படம் அனுப்பச் சொல்.

உன்னோடு நிற்க முடியாத தங்கை,
புவனா


பாகூர்
2.6.2025

அன்புத் தங்கை புவனாவுக்கும், முத்துக்கள் உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட சாமி தமிழ்க்குமரனுக்கும்,

அக்காவும் மாமாவும் அர்ச்சனாவும் சேர்ந்து எழுதுவதாக வைத்துக்கொள். பொண்ணு மாப்பிள்ளை உட்பட இங்கே எல்லாரும் நலம். படமெல்லாம் வந்திருக்கும். படத்தில் விழாததை நான் எழுதுகிறேன்.

முதல் நாள் ரிசப்ஷனிலிருந்து ஆரம்பிக்கிறேன். மண்டப வாசலில் ஆரம்பித்து மேடைவரை என் செண்டுமல்லிதான். பைபையாக அப்படியே அடுக்கிவிட்டோம். போகும்போது தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு செடி. ஆறு வருஷத்துக்கு முன்னால் மாங்கன்று தருவதாகச் சொன்னேனே, அந்தக் கடனில் இது பாதி என்று மாமா கேலி பண்ணினார். கச்சேரி நடந்துகொண்டிருந்தது. நான் மேடை இருக்கும் பக்கமே போகாமல் சாப்பாட்டுப் பந்தியில் நின்றிருந்தேன். குமரவேல் அலங்காரத்தோடு அங்கேயே இறங்கி வந்துவிட்டான். கையில் மைக்.

"அக்கா, வந்து ஒண்ணு பாடு."

"வாணாம்டா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கத்தானே கூப்புட்டோம்? அன்னிக்கி நான்தானே புடுங்கினேன். இன்னிக்கி நான்தான் தரேன்."

பாடினேன், புவனா. ஒரு பாட்டு. நாம் சின்ன வயதில் களத்துமேட்டில் பாடுவோமே, அதையே. முடிந்ததும் மைக்கை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். கைதட்டல் நின்ற பிறகும் எனக்கு இன்னும் ஒன்று பாட வேண்டும் என்று தோன்றவில்லை. அது எவ்வளவு பெரிய சேதி என்று உனக்கு மட்டும்தான் புரியும். ஒன்பதரைக்கு மாத்திரை, பத்துக்குத் தூக்கம். மண்டப அறையில் அத்தனை குறட்டைக்கு நடுவிலும் அர்ச்சனா விடவில்லை.

காலையில் முகூர்த்தம். அர்ச்சனா விளக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் செல்வகுமாரிக்குப் பின்னால் நின்றேன். அவள் பின்னலில் அவ்வளவு பூ, அதைத் தூக்கிப் பிடிக்கவே ஒரு ஆள் வேண்டும். சின்ன மாத்திரை போட்டிருந்தும் விரல் நுனியில் நடுக்கம் இருந்தது, அத்தனை பேர் முன்னால் இன்னும் கொஞ்சம் கூடிக்கொண்டது. கெட்டிமேளம் முழங்கியது. குமரவேல் தாலியை எடுத்தான்.

அவன் கை நடுங்கியது பாரு! என்னுடையதெல்லாம் நடுக்கமே இல்லை. கரும்புச் சோகை காற்றில் அடித்துக்கொள்கிற மாதிரி. கயிறு ஒரு முனை அவள் காதில் மாட்டியது, இன்னொரு முனை அவன் மாலைக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தான், முடிச்சுப் போட்டான், அது அப்படியே அவிழ்ந்தது. மேளக்காரர் நிறுத்தக் கூடாதே, அடித்துக்கொண்டே இருந்தார். நாதஸ்வரக்காரர் கன்னம் வெடித்துவிடும் போலிருந்தது. அட்சதையைப் போட்டவர்களெல்லாம் மறுபடி கையில் அரிசி தேடினார்கள்.

"அக்கா, புடிக்கா, வரமாட்டேங்குது" என்று மெதுவாகக் கெஞ்சினான்.

நான் இரண்டு முனையையும் வாங்கினேன். என் கையும் நடுங்கியது, அவன் கையும் நடுங்கியது, நடுவில் மஞ்சள் கயிறு ஆடியது. ஒரு முனை என் விரலிலிருந்து நழுவியது. அம்மா பயந்தது நடந்தேவிட்டது. பின்னால் யாரோ "த்ச்" என்றது காதில் விழுந்தது. அப்போது செல்வகுமாரி, திரும்பாமல், குனிந்த தலை நிமிராமல், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"மெதுவாவே போடுங்க அண்ணி. நான் எங்கயும் போவல."

அவ்வளவுதான். நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அவசரம் போய்விட்டது. நடுங்குகிற விரலோடேயே கயிற்றை எடுத்து, ஒன்று, இரண்டு, தம்பிக்குரியதையும் சேர்த்து மூன்று முடிச்சும் நானே போட்டேன். வாழைக்கன்றில் போட்ட மாதிரி அழகாக விழவில்லை. கொஞ்சம் கோணல்தான். இழுத்துப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது.

நிமிர்ந்தால் எதிரே அம்மா. வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். அழுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிக்கிறாள்! மாப்பிள்ளை மகன் கை உதறியதைப் பார்த்து ஆரம்பித்த சிரிப்பு நிற்கமாட்டேன் என்கிறது. கண்ணீர் கன்னத்தில் வழிகிறது, மூக்குத்தி ஆடுகிறது, சம்பந்தியம்மா திரும்பிப் பார்க்கிறார்கள், இவளால் நிறுத்த முடியவில்லை.

நான் குனிந்து அவள் காதில் கேட்டேன்.

"ஏம்மா, மாத்திர போட்டியா?"

கையில் மிச்சம் இருந்த அட்சதையை என் தலைமேல் வீசி அடித்துவிட்டு, "போடி போக்கத்தவளே!" என்று இன்னும் பெரிதாகச் சிரித்தாள். என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது, அவள் சிரிப்பிலும் சேர்ந்து குலுங்கியது. விடவே இல்லை.

உன் பங்கு செண்டுமல்லி இரண்டு பை எடுத்து வைத்திருக்கிறேன். தமிழைக் கூட்டிக்கொண்டு ஆனி மாதம் வா, வெங்காயக் கலரைக் கட்டிக்கொண்டு வா.

எழுத்து எவ்வளவு கோணலாக இருக்கிறது பார்த்தாயா? நிம்மதியாகத் தூங்கு.

உன் அக்கா,
வைஜெயந்தி